தேவை என்னும் சொல்லும் தாது வருடப் பஞ்சமும்: பொருளியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்வழியில் பொருளியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களே,

பதினொன்றாம் வகுப்பிலும் கல்லூரி முதலாண்டிலும் நீங்கள் ஆண்டுதோறும் நடத்தும் தேவை விதியில் ஒரு தமிழ்ச் சொல் தன் வீட்டுப் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு வேறொரு பொருளை அணிந்து நிற்கிறது. அந்த மாற்றத்தை மாணவருக்கு அழுத்திச் சொல்லாமல் விடுவதால், தடையற்ற சந்தைக் கோட்பாடு மனித சமூகத்தைப் பார்க்கும் பார்வை முழுவதும், அது ஒரு பார்வை என்றே தெரியாமல், அவர்கள் மனத்தில் குடியேறிவிடுகிறது. இம்மடல் அதைப் பற்றியது. முடிவில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது; அது ஒரு பாடவேளைக்கு மேல் உங்கள் நேரத்தைக் கேட்காது.

வீட்டிலும் தெருவிலும் 'தேவை' என்றால் இல்லாமல் முடியாதது என்று பொருள். பிள்ளைக்குப் பால் தேவை, கூரைக்கு ஓலை தேவை, நோயாளிக்கு மருந்து தேவை என்னும்போது கையில் காசு இருக்கிறதா என்ற விசாரணை அச்சொல்லுக்குள் இல்லை. காசு இல்லாதபோதுதான் அது இன்னும் அழுத்தமாக ஒலிக்கும். பொருளியலின் 'தேவை'யோ, ஒரு பொருளை விரும்புவதோடு அதற்குரிய விலையைக் கொடுக்கும் ஆற்றலும் கொடுக்கும் மனமும் சேர்ந்த நிலை; ஆற்றல் இல்லையென்றால், அந்த இலக்கணப்படி, தேவையே இல்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதே கருத்தைக் 'கேள்வி' என்றும், தமிழ்நாட்டில் அளிப்பு எனப்படுவதை 'நிரம்பல்' என்றும் வழங்குகின்றன. தமிழ்நாட்டு மாணவருக்கு அது விநோதமாகப் படலாம். ஆனால் ஏலம் 'கேட்பது', மாட்டுச் சந்தையில் 'என்ன விலைக்குக் கேட்டார்கள்' என்று விசாரிப்பது போன்ற வழக்குகளை நினைத்துப் பார்த்தால், விலை சொல்லி வாங்க முன்வருபவரின் குரலைக் குறிக்கும் அச்சொல்லே கோட்பாட்டின் கருத்துக்கு நெருக்கமானது என்பது புலப்படும். வெறுங்கையோடு வந்தவர் ஏலத்தில் கேட்க முடியாது. அவருக்குத் தேவை உண்டு, கேள்வி இல்லை.

வரையறை பாடநூலில் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது, வாங்கும் சக்தியுடன் கூடிய விருப்பமே தேவை என்பதை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், அதற்குரிய மதிப்பெண்ணையும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த வரியை எழுதிய கையோடு நீங்கள் கரும்பலகையில் இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் சரியும் தேவைக் கோட்டை வரையும்போது, ஊரார் எல்லோருடைய தேவையும் அதில் அடங்கிவிட்டதாகவே வகுப்பு எடுத்துக்கொள்கிறது, ஏனெனில் பிறந்தது முதல் புழங்கிய சொல்லின் பொருளை ஒரு வரி வரையறையால் துடைத்துவிட முடியாது. அளிப்புக் கோடு ஏறிவந்து அதை வெட்டும் புள்ளியைச் சமநிலை என்கிறீர்கள். அந்த விலையில் சந்தைக்கு வந்த சரக்கு முழுவதும் விற்றுத் தீர்கிறது, அந்த விலையைக் கொடுக்க முன்வந்தவர் எவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று விளக்குகிறீர்கள். கணக்கு சரிதான். அந்தப் புள்ளிக்கு வலப்புறத்தில், கோட்டின் தாழ்ந்த பகுதியில், அதைவிடக் குறைந்த விலையே கொடுக்கக்கூடியவர்கள் நிற்கிறார்கள். எந்த விலையும் கொடுக்க இயலாதவரோ கோடு கிடையச்சைத் தொடும் முனையில், விலை சுழியாகும் இடத்தில், ஒட்டிக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் நீங்கள் கோட்டை அதுவரை இழுப்பதில்லை. பாடநூல் படமும் அதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

இந்த வேறுபாடு பொருளியலுக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட குறையன்று என்பதைக் கவனியுங்கள். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலின் முதல் பகுதியிலேயே, விலை கொடுக்கும் ஆற்றலுள்ள தேவையைச் 'செயலுக்கு வரும் தேவை' என்று தனியே பிரித்து, பரம ஏழை ஒருவன் ஆறு குதிரை பூட்டிய வண்டியை விரும்பலாம், ஒருவகையில் அதையும் தேவை எனலாம், ஆனால் அவனுக்காக எந்த வண்டியும் சந்தைக்கு வராது என்று விளக்கினார். கோட்பாட்டின் தந்தை கோட்டுக்கு வெளியே நிற்பவரைப் பார்த்திருக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு குதிரை வண்டி என்பதால், படிப்பவருக்கு மனம் உறுத்துவதில்லை. வண்டிக்குப் பதில் ஒரு வேளைக் கஞ்சியை அந்த வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் உறுத்தும்.

தடையற்ற சந்தைக் கோட்பாடு என்று இங்கே குறிக்கப்படுவது, தனிமனிதர்கள் தத்தம் நலம் நாடிச் செய்யும் பரிமாற்றங்களை அரசு குறுக்கிடாமல் விட்டால், எவரும் திட்டமிடாமலே உழைப்பும் பொருளும் அவை பெரிதும் மதிக்கப்படும் இடங்களுக்குப் போய்ச் சேரும் என்னும் கருத்து மரபு. ஸ்மித்திடம் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டில் பிரெடரிக் ஹாயெக், மில்டன் ஃப்ரீட்மன் ஆகியோரிடம் முழு வடிவம் பெற்ற அம்மரபில், சமூகம் என்பது தனிமனிதர்களையும் அவர்களிடையே நிகழும் பரிமாற்றங்களையும் கூட்டினால் வரும் தொகை. அத்தொகைக்கென்று தனியே ஒரு மனமோ நோக்கமோ கடமையோ கிடையாது. பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1987இல் பெண்கள் இதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், சமூகம் என்று ஒன்று இல்லை, தனி ஆண்களும் பெண்களும் குடும்பங்களுமே உண்டு என்ற கருத்தைச் சொன்னபோது உலகம் அதிர்ந்தது. அவர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை, உங்கள் பாடநூலின் படம் ஓசையில்லாமல் சொல்வதைச் சற்று உரக்கச் சொன்னார், அவ்வளவே. அதே மூச்சில், மனிதர் முதலில் தம்மையும் பிறகு அண்டை அயலாரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னதை அவரைத் திட்டுவோர் விட்டுவிடுவது வழக்கம்.

இக்கோட்பாட்டை வகுப்பில் பழிக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்கப்படவில்லை. அதன் வலிமையைச் சரியாகச் சொல்லாத ஆசிரியர் அதன் குறையையும் சரியாகச் சொல்ல முடியாது. 1945இல் ஹாயெக் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இது: உலகின் ஏதோ ஒரு மூலையில் வெள்ளீயச் சுரங்கம் ஒன்று மூடப்பட்டாலும், வெள்ளீயத்துக்குப் புதிய பயன் ஒன்று பிறந்தாலும், அதைப் பயன்படுத்தும் ஆயிரக்கணக்கானோர் காரணத்தை அறிய வேண்டியதில்லை, விலை ஏறியதைக் கண்டு ஒவ்வொருவரும் சிக்கனமாகிவிடுகிறார்கள், மாற்றுப் பொருள் தேடுகிறார்கள், எந்த அலுவலகமும் ஆணையிடாமல் உலகமே ஒத்திசைந்து நகர்கிறது. ஸ்கூட்டர் வாங்கவும் தொலைபேசி இணைப்புப் பெறவும் ஆண்டுக்கணக்கில் பெயர் பதிந்து காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கும்போது, உரிமங்களும் அனுமதிச் சீட்டுகளும் விலையின் வேலையைச் செய்துவிடும் என்று எவரும் வாதிட மாட்டார். 1770ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்கள் அரிசி வணிகத்தில் விதித்த முறையற்ற கட்டுப்பாடுகளும், விளைச்சல் குறைவு பஞ்சமாக மாற ஒரு காரணமாயிருந்திருக்கலாம் என்று ஸ்மித்தே குறிப்பிட்டிருக்கிறார். அக்குறிப்பில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் குறிப்பு ஆளும் கூட்டத்தின் கையில் வேதமாக மாறியபோது என்ன நடந்தது என்பது உங்கள் மாணவர்களின் சொந்த மண்ணின் வரலாறு. அதை அவர்கள் வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாகப் படிக்கிறார்கள், பொருளியல் பாடத்தில் ஒருபோதும் படிப்பதில்லை. கம்பெனி தன் இந்திய அலுவலர்களைப் பயிற்றுவிக்க இங்கிலாந்தில் ஹெய்லிபரி என்னுமிடத்தில் ஒரு கல்லூரி நடத்தியது. அங்கே 1805 முதல் 1834இல் இறக்கும்வரை அரசியல் பொருளாதாரம் கற்பித்தவர், மக்கள்தொகைக் கோட்பாட்டுக்காக நீங்கள் இன்றும் நடத்தும் அதே தாமஸ் மால்தஸ். அக்கல்லூரியில் பயின்ற சார்லஸ் ட்ரெவெலியன், 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் லண்டன் கருவூலத்திலிருந்து நிவாரணத்தைக் கட்டுப்படுத்தி, சந்தையைக் கெடுத்துவிடக் கூடாது என்பதில் குறியாயிருந்தவர். பின்னர் 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்து, பட்டணத்து மக்களுக்கு ஒரு பூங்காவையும் அமைத்துக் கொடுத்தார். மால்தஸ் மறைந்த பின் அங்கே பயின்ற இன்னொருவர் ரிச்சர்ட் டெம்பிள். பொருளியல் வகுப்பறை எவ்வளவு தூரம் கை நீட்டக்கூடியது என்பதற்கு ஹெய்லிபரியைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டெம்பிளின் கதையை நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அவர் முதலில் வேறு பாதையில் போனவர். 1873-74இல் பீகாரிலும் வங்கத்திலும் விளைச்சல் பொய்த்தபோது, அரசு பர்மாவிலிருந்து பெருமளவு அரிசியைத் தானே வாங்கி இறக்க, அவர் தாராளமாக நிவாரணம் வழங்கினார். பட்டினிச் சாவு பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. அதற்குக் கிடைத்த வெகுமதி, பொதுப்பணத்தை வாரி இறைத்தவர் என்ற பழி. அந்தப் பழியைத் துடைக்க வேண்டிய நிலையில்தான், 1876இல் பருவமழைகள் பொய்த்து, தமிழர் நாவில் தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் நிற்கும் அந்தப் பெரும்பஞ்சம் தொடங்கியபோது, வைசிராய் லிட்டன் பிரபுவின் பஞ்சப் பிரதிநிதியாக அவர் 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் அரசு அதற்குள் தானாகவே முப்பதாயிரம் டன் தானியம் வாங்கியிருந்தது. தனியார் வணிகத்தை அது மிரட்டி விரட்டிவிடும் என்று லிட்டனின் அரசு கண்டித்தது. உணவு விலையைக் குறைக்கும் நோக்கத்தோடு அரசு எவ்வகையிலும் தலையிடக் கூடாது என்பதே மேலிருந்து வந்த கட்டளை.

கோட்பாடு என்ன முன்னறிவித்தது? பஞ்சப் பகுதியில் விலை ஏறும். ஏறிய விலை வெளியிலிருந்து தானியத்தை இழுக்கும். உள்ளே இருப்பவரைச் சிக்கனமாக்கும். நடந்ததும் அதுவே. விலை ஏறியது, வடக்கிலிருந்து ரயிலிலும் கடல் வழியாகவும் தனியார் வணிகர் தானியம் கொண்டுவந்தார்கள், வண்டியில் ஏறிய மூட்டை எங்கே கூடுதல் விலையோ அங்கே இறங்கியது. 1877 பிப்ரவரியில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்டிருந்த காட்சி படமாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. அவை வந்த மூட்டையாயினும் போகும் மூட்டையாயினும், சேலத்திலும் வட ஆர்க்காட்டிலும் பெல்லாரியிலும் வேலையிழந்த கூலியாளுக்கும், நெய்த துணியை வாங்க ஆளில்லாத நெசவாளிக்கும், தீவனமில்லாமல் மாட்டை இழந்த குடியானவனுக்கும் அவற்றில் ஒரு பிடிகூடச் சேர வழியில்லை, ஏனெனில் விலை ஏறிய அதே வாரங்களில் அவர்களுடைய வருமானம் அற்றுப்போயிருந்தது. அந்த ஆண்டுகளிலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து கோதுமை கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. 1877-78இல் மட்டும் 3,00,000 டன்னுக்கு மேல் போயிற்று. லண்டன் தொழிலாளியின் ரொட்டி செயலுக்கு வரும் தேவை. சேலத்துக் கூலியாளின் பசி வெறும் தேவை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோட்பாடு பொய்த்ததால் இது நேர்ந்தது என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். அது சொன்னபடியே நடந்தது என்பதுதான் மாணவர்கள் முன் வைக்கப்பட வேண்டிய சங்கடம்.

நிவாரண வேலைக் களங்களில் டெம்பிள் நிர்ணயித்த கூலி அவர் பெயராலேயே வழங்கலாயிற்று: நாள் முழுதும் வெயிலில் மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும், ஓர் அணாவும், பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. ஒரு பவுண்டில் உடல் நிற்குமா என்பது ஆய்வுக்குரியது என்ற தோரணையில் அந்த அளவு வகுக்கப்பட்டது. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், கடும் உழைப்புக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1877 மார்ச்சில் மாகாண அரசு ஒன்றேகால் பவுண்டுக்கும் கொஞ்சம் பருப்புக்கும் இறங்கிவந்தது. அரைப் பவுண்டுக்காக ஒரு மருத்துவரும் ஒரு நிர்வாகியும் மாதக்கணக்கில் எழுதிக்கொண்ட காகிதங்களை நினைத்துப் பாருங்கள். கூலி தாழ்ந்திருந்தால்தான் உண்மையில் திக்கற்றவர் மட்டும் வருவார், மற்றவர் சந்தையை நாடுவார் என்பது அதன் பின்னிருந்த தர்க்கம். இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும் என்று இன்று தேநீர்க் கடையில் கேட்கும் பேச்சின் பாட்டன் அது. சென்னை நகருக்குள் வடக்குக் கால்வாயையும் தெற்குக் கால்வாயையும் இணைக்கும், பின்னர் ஆளுநரின் பெயர் சூட்டப்பட்ட பக்கிங்ஹாம் கால்வாயின் பகுதி, அந்தப் பஞ்சக் கூலிகளின் கை தோண்டியது. சென்னையில் உள்ள கல்லூரி மாணவர் பலர் நாள்தோறும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்துதான் உங்கள் வகுப்புக்கு வருகிறார்கள்.

இதற்குப் பத்தாண்டுக்கு முன்னர், 1867இல், இதே மாகாணத்தின் வடலூரில் இராமலிங்க அடிகள் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டியிருந்தார். அங்கே உண்பதற்கான தகுதி பசி ஒன்றே. சாதியும் கேட்கப்படவில்லை, உழைப்புச் சோதனையும் இல்லை. தருமச்சாலைகளால் ஒரு மாகாணத்தின் பஞ்சத்தைத் தீர்த்துவிட முடியாது என்பது வெளிப்படை. ஆயினும் 'தேவை' என்ற சொல்லுக்கு இரண்டு அகராதிகள் ஒரே காலத்தில் ஒரே மண்ணில் இருந்தன என்பதை மாணவர் அறிவது நல்லது.

பஞ்சம் நேர்ந்து நூறாண்டு கழித்து, 1976இல், ஹாயெக் சமூக நீதி என்னும் கருத்தை ஒரு கானல்நீர் என்று தலைப்பிலேயே அழைத்த நூலை வெளியிட்டார். சந்தையில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை எவரும் திட்டமிடுவதில்லை. எவரும் திட்டமிடாத விளைவை நியாயம் என்றோ அநியாயம் என்றோ சொல்வது, மழை பெய்யாததை அநியாயம் என்பதுபோல் பொருளற்றது என்பது அவர் வாதத்தின் சாரம். இக்கோட்பாட்டின் சமூகப் பார்வை இதைவிடத் துல்லியமாக வேறெங்கும் சொல்லப்படவில்லை. ஹாயெக் கல்நெஞ்சரல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்: வளமான சமூகம் அனைவருக்கும் உயிர்வாழப் போதிய உணவும் உடையும் உறைவிடமும் உறுதி செய்யலாம் என்று 1944இலேயே அவர் எழுதியிருக்கிறார். ஆனால் அது ஓர் ஏற்பாடு என்று கொள்ளப்படுமேயன்றி, பசித்தவர் சமூகத்திடம் உரிமையாகக் கேட்கக்கூடிய ஒன்றாக அவருடைய கோட்பாட்டில் இடம்பெறுவதில்லை.

எவரும் திட்டமிடாதது என்ற அந்த வாதத்தைத் தாது வருடத்தின் மீது வைத்துப் பாருங்கள். மழை பொய்த்ததை எவரும் திட்டமிடவில்லை, உண்மை. ஆனால் மூட்டைகளுக்குக் காவல் நிற்க ஆள் வேண்டும். களஞ்சியத்தில் கைவைத்தவரைப் பிடிக்கச் சட்டம் வேண்டும். தண்டவாளம் எந்த ஊர் வழியாகப் போக வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்திருக்க வேண்டும். நிலவரி எவ்வளவு, எப்போது என்று ஒருவர் ஆணையிட்டிருக்க வேண்டும். சமூகம் என்று ஒன்று இல்லை என்னும் கோட்பாடு, தானிய மூட்டைக்குக் காவல் தேவைப்படும் கணத்தில் மட்டும் சமூகத்தைக் கூப்பிடுகிறது. 1876இல் மாகாணத்தின் பல இடங்களில் கடைகள் சூறையாடப்பட்டபோது அந்தக் காவலும் வந்தது. உடைமையைக் காக்கும் சமூகம் ஒன்று இருக்குமானால், உயிரைக் காக்கும் கடமையிலிருந்து மட்டும் அது எந்தத் தர்க்கத்தால் மறைந்துபோகிறது என்று உங்கள் மாணவர் கேட்டால், பாடநூலில் விடை இல்லை.

விடையைத் தேடியவர்கள் உண்டு. ஹாயெக்கைப் போலவே வியன்னாவில் பிறந்த கார்ல் போலன்யி, ஹாயெக்கின் புகழ்பெற்ற நூல் வந்த அதே 1944இல் வெளியிட்ட 'மாபெரும் உருமாற்றம்' என்னும் நூலில், சந்தை எப்போதும் சமூக உறவுகளுக்குள் பொதிந்தே இருந்தது என்றும், உழைப்பையும் நிலத்தையும் பணத்தையும் விற்பனைச் சரக்குபோல் பாவித்து அதைப் பிரித்தெடுக்க முயன்றதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் புதுமை என்றும் வாதிட்டார். இந்தியப் பஞ்சங்களும் அவர் எடுத்துக்காட்டுகளில் இடம்பெற்றன. 1981இல் அமர்த்தியா சென், 1943 வங்கப் பஞ்சத்தின்போது கிடைத்த உணவு, பஞ்சமில்லாத 1941இல் கிடைத்ததைவிடக் குறைவில்லை என்று கணக்கிட்டு, உணவு இருப்பதும் உணவைப் பெறும் உரித்து இருப்பதும் வெவ்வேறு என்று நிறுவினார். உரித்து என்பது, ஒருவர் தம் உழைப்பையும் உடைமையையும் சட்டத்துக்குட்பட்டு மாற்றிப் பெறக்கூடியவற்றின் வீச்சு. முடிவெட்டுபவரின் உழைப்புக்கு எவ்வளவு அரிசி என்ற விகிதம் சரிந்தால், அரிசி ஊரில் இருந்தும் அவர் பட்டினி கிடப்பார். தேவைக் கோட்டின் அந்த ஒட்டிக்கொண்டிருக்கும் முனையில் நிற்பவர் எப்படி அங்கே தள்ளப்பட்டார் என்பதன் விளக்கம் அது.

ஸ்மித்தையும் நீங்கள் முழுமையாகக் கொடுப்பதில்லை என்ற குறையும் இங்கே சொல்லப்பட வேண்டும். முதல் பாடத்தில் 'செல்வ இலக்கணம்' என்ற தலைப்பின்கீழ் அவரை அறிமுகப்படுத்தி, செல்வத்தை மட்டுமே பார்த்தவர் என்ற குற்றச்சாட்டை எழுதவைத்து, அடுத்து மார்ஷலின் நல இலக்கணம், ராபின்சின் பற்றாக்குறை இலக்கணம் என்று நகர்ந்துவிடுகிறீர்கள். அந்த மனிதர் கிளாஸ்கோவில் அறவியல் பேராசிரியராக இருந்தவர். 1759இல் எழுதிய முதல் நூலைப் பிறர் துன்பத்தில் மனிதர் காட்டும் பரிவிலிருந்தே தொடங்கியவர். ஒரே தொழில் செய்யும் வணிகர்கள் ஒன்றுகூடினால் பேச்சு பொதுமக்களுக்கு எதிரான சதியில் போய் முடியும் என்று எச்சரித்தவர். கண்ணுக்குப் புலப்படாத கை என்ற தொடர், அத்தனை பெரிய நூலில் ஒரே ஒருமுறைதான் வருகிறது. இம்மடலின் பொருளுக்கு எல்லாவற்றினும் நெருக்கமான இடம் ஒன்று உண்டு: வாழ்க்கைக்கு இன்றியமையாதவை எவை என்று அவர் வகுக்கும்போது, உயிர் தரிக்க வேண்டியதோடு நிறுத்தாமல், எதை இல்லாமல் வெளியே தலைகாட்ட ஒரு கௌரவமான ஏழைக் கூலியாளும் கூசுவானோ அதையும் சேர்த்து, தம் காலத்து லினன் சட்டையைச் சான்று காட்டுகிறார். கூச்சம் என்பது தனிமனிதக் கணக்கில் வராது. பார்ப்பவர் நான்கு பேர் வேண்டும். செயலுக்கு வரும் தேவையை வகுத்த அதே கை, நம் வீட்டுத் தேவைக்கும் ஓர் இலக்கணம் எழுதியிருக்கிறது. தானிய வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது என்பதில் ஸ்மித் உறுதியாக இருந்ததும் உண்மையே. இரண்டையும் மாணவர் கையில் கொடுங்கள், அவர்கள் எடைபோட்டுக்கொள்வார்கள்.

பாடநூல் குழுவில் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். வினாத்தாள் தயாரிப்போரும் இருக்கிறீர்கள். தேர்வுக்கு வராததை நடத்த நேரமில்லை என்ற உங்கள் முறையீடு பொய்யன்று; பாடத்திட்டத்தின் கனமும், கைடு புத்தகத்தைத் தவிர வேறெதையும் திறக்க விடாத மதிப்பெண் நெருக்கடியும் உங்கள் கழுத்தில் கட்டப்பட்டிருப்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் உங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் பலர், மாதத்தின் ஏதோ ஒரு காலையில், தமிழ்நாட்டில் 2011 முதல் விலையில்லாமல் வழங்கப்படும் அரிசியைப் பையில் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள். அந்தக் கடையின் பெயர்ப் பலகையில் 'நியாய விலைக் கடை' என்று எழுதியிருக்கிறது. நீங்கள் நடத்தும் பாடத்தில் விலைக்குச் சமநிலை உண்டு, ஏற்றம் உண்டு, நெகிழ்ச்சி உண்டு, நியாயம் கிடையாது. தெருப் பலகைக்கும் வகுப்பறைப் பலகைக்கும் இடையே இத்தனை பெரிய வழக்கு நடந்துகொண்டிருக்க, மாணவர் ஒன்றைத் தேர்வுக்கென்றும் மற்றதை வயிற்றுக்கென்றும் பிரித்து வைத்துக்கொண்டு போகிறார். பிறகு தொலைக்காட்சி விவாதத்தில் இலவசம் நல்லதா கெட்டதா என்று கத்தும்போது, இரண்டு பக்கத்தாருக்கும் தாம் எந்தக் கோட்பாட்டின் குரலில் பேசுகிறோம் என்பது தெரிவதில்லை.

உங்களிடம் கேட்கப்படுவது இதுதான். தேவை விதியை நடத்தும் வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, சந்தைத் தேவையும் மனிதத் தேவையும் ஒன்றன்று என்பதைத் தாது வருடத்தின் விவரங்களோடு நடத்துங்கள். கார்னிஷின் ஒன்றரைப் பவுண்டையும் டெம்பிளின் ஒரு பவுண்டையும் எண்ணிக்கையாகச் சொல்லாமல், இயன்றால் தராசில் நிறுத்து மேசையில் வையுங்கள். ஹாயெக்கின் வெள்ளீயத்தையும் அதே வேளையில் சொல்லுங்கள், ஏனெனில் எதிர்வாதம் கேட்காத மாணவர் சீக்கிரம் ஏமாறுவார். வினாத்தாள் தயாரிப்போர், தேவை விதியை விளக்குக என்பதோடு, பசித்தவரின் தேவை ஏன் தேவைக் கோட்டில் பதிவாவதில்லை என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி சேருங்கள். கேள்வி வந்துவிட்டால் கைடு புத்தகம் தானே வழிக்கு வந்துவிடும். பாடநூல் குழுவினர், படத்தில் பாதியிலேயே நிற்கும் அந்தக் கோட்டை அடுத்த பதிப்பில் கிடையச்சு வரைக்கும் வரையச் சொல்லுங்கள். அதுவரை, வரும் ஜூனில், சாக்கட்டியைக் கையில் எடுக்கும்போது கோட்டை நீங்களே கடைசிவரை இழுத்து, அந்த முனையில் நிற்பவர் யார் என்று வகுப்பைக் கேட்டுவிட்டு, மணி அடிக்கும்வரை அவர்களைப் பேசவிடுங்கள்.